பூட்டைத் தேடிய பால் எர்லிக்

சென்ற பருவத்தில் ஒரு நாள் எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் வரைந்தார். அதன் விளிம்பில் சிறுசிறு பள்ளங்களை இட்டார். ஒரு பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தும்படி ஒரு முக்கோணத்தையும் போட்டார். வட்டம் உயிரணு, பள்ளம் ஏற்பி, முக்கோணம் இன்சுலின். முக்கோணம் பள்ளத்தில் பொருந்தினால்தான் இரத்தத்திலுள்ள சர்க்கரைக்குத் தசையின் கதவு திறக்கும் என்றார். எனக்கு ஓர் ஐயம். எந்தக் கண்ணாடியிலும் தெரியாத அந்தப் பள்ளம் இருக்கிறதென்று முதன்முதலில் சொன்னவர் யார்? எழுந்து கேட்டுவிட்டேன். பால் எர்லிக் என்று ஒரு பெயரைச் சொல்லி, மீதியை நீயே தேடிப் படித்து ஆண்டு மலருக்கு எழுது என்று சொல்லிவிட்டார். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பின் விளைவே இக்கட்டுரை.

உண்மையில் அந்தக் கேள்வி வகுப்பறையில் பிறந்ததன்று. என் அம்மாவுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. உடம்பில் இன்சுலின் சுரக்கத்தான் செய்கிறது, ஆனால் அது சரியாக வேலை செய்யவில்லை என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். இருக்கிறதாம், ஆனால் வேலை செய்யவில்லையாம், இது என்ன கூத்து என்று அம்மா என்னைக் கேட்டாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. ஏதோ சொல்லி மழுப்பினேன். அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

இனி எர்லிக்கிடம் வருவோம்.

1854ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், அன்றைய பிரஷ்யாவின் சைலீசியப் பகுதியில், ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. யூதக் குடும்பம். தந்தை இஸ்மார் ஒரு விடுதி நடத்தி வந்தார். அரசு லாட்டரியின் உள்ளூர்ப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. தாய் ரோசா. தாய்வழியில் கார்ல் வைகெர்ட் என்றொரு மாமன் மகன் இருந்தார். எர்லிக்கைவிட 9 வயது மூத்தவர். உடலின் திசுக்களை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி உருப்பெருக்கியின் கீழ் பார்க்கும் கலையில் அக்காலத்தில் பெயர் பெற்றவர் அவர். சிறுவன் எர்லிக்குக்குச் சாயப் பைத்தியம் பிடித்தது இவரால்தான்.

படிப்பில் அவர் சிங்கம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய்யாகிவிடும். பள்ளியிறுதித் தேர்வில் வாழ்க்கை ஒரு கனவு என்பது பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். மற்றவர்கள் தத்துவம் எழுத, இவர் வாழ்க்கை என்பது பொருள்கள் ஆக்சிஜனோடு கூடுவதுதான், கனவும் மூளையில் நிகழும் அப்படியொரு வேதிவினையே என்று எழுதி ஆசிரியர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. மருத்துவம் படிக்கப் பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃபிரைபர்க், லைப்சிக் என்று ஊர் ஊராக அலைந்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் அவருடைய மேசை மட்டும் பல நிறக் கறைகளோடு பளபளத்தது. பிரெஸ்லாவ் ஆய்வகத்துக்கு வந்த இராபர்ட் காக்கிடம் இவரைக் காட்டி, சாயமேற்றுவதில் கெட்டிக்காரன், ஆனால் தேர்வில் ஒருநாளும் தேறப்போவதில்லை என்று யாரோ அறிமுகம் செய்தார்களாம். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை மட்டும் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டாம். 1878இல் அவர் லைப்சிக்கில் பட்டம் பெற்றுவிட்டார். ஆய்வுப் பொருளும் சாயமேற்றும் கலையேதான்.

அந்தச் சாயங்களில் அப்படி என்ன இருந்தது? ஒரே திசுச் சீவலின் மீது ஒரு சாயத்தை ஊற்றினால் அது உயிரணுவின் உட்கருவை மட்டும் பற்றுகிறது. வேறொரு சாயம் உட்கருவைத் தொடாமல், சுற்றியுள்ள குறுமணிகளை மட்டும் பற்றுகிறது. கண்டவர் எல்லாரும் அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்பால் போனார்கள். எர்லிக் மட்டும் ஏன் என்று கேட்டார். சாயத்தின் வேதியமைப்பில் உள்ள ஏதோ ஒன்றுக்கும் திசுவில் உள்ள ஏதோ ஒன்றுக்கும் இடையே தனிப்பட்ட பிடிப்பு இருந்தாலொழிய இது நடவாது என்பது அவர் முடிவு. அவருடைய பின்னாள் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரே கேள்வியின் விரிவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டம் பெற்றதும் பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனையில் ஃபிரெரிக்ஸ் என்னும் பெரும் மருத்துவரிடம் சேர்ந்தார். இரத்த வெள்ளணுக்களைச் சாயங்களால் வகை பிரித்தது இங்கேதான். இன்று நாம் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்க்கும்போது வெள்ளணுக்கள் வகைவகையாகப் பிரிக்கப்பட்டு எண்ணப்பட்டிருக்கின்றன அல்லவா? அதற்கு அடிக்கல் நாட்டியவர் இவர்.

இந்த இடத்தில்தான் எனக்கு வியப்பு ஏற்பட்டது. ஃபிரெரிக்ஸ் ஈடுபட்டிருந்த நோய்களுள் ஒன்று நீரிழிவு. உடல் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் பொருளாக மாற்றிக் கல்லீரலில் சேமித்து வைக்கிறது. நீரிழிவுக்காரரின் உடலில் அந்தச் சேமிப்பு எப்படியிருக்கிறது? இளைஞர் எர்லிக் இதற்குத் தம் பழைய கருவியையே எடுத்தார். கிளைக்கோஜன் உள்ள இடத்தில் அயோடின் பட்டால் செம்பழுப்பு நிறம் தோன்றும். அயோடினைப் பிசினில் கலந்து திசுக்களின் மீது தடவி, எங்கெல்லாம் அந்நிறம் எழுகிறது என்று தேடினார். நீரிழிவுக்காரரின் சிறுநீரகக் குழல்களிலே கிளைக்கோஜன் அடைந்து கிடப்பதைக் கண்டார். அதோடு நிற்கவில்லை. உயிரோடிருக்கும் நோயாளியின் கல்லீரலில் ஊசியைச் செலுத்தித் துளித் திசுவை எடுத்துப் பார்த்தார். 1883இல் வெளிவந்த அந்த ஆய்வே கல்லீரலில் ஊசியிட்டுத் திசு எடுத்ததன் முதல் நிகழ்ச்சியாக மருத்துவ வரலாற்று நூல்களில் குறிக்கப்படுகிறது. அப்போது இன்சுலின் என்ற சொல்லே பிறக்கவில்லை. நாயின் கணையத்தை நீக்கினால் அதற்கு நீரிழிவு வருகிறது என்று மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் கண்டுபிடித்ததுகூட 1889இல்தான். எர்லிக் நீரிழிவுக்கு மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதைத் தொட்டுவிட்டு வேறு வழியில் போய்விட்டார். ஆனால் அந்த வேறு வழிதான் சுற்றிச் சுற்றி மறுபடி நீரிழிவிடமே வந்து சேர்ந்தது.

1883இல் ஹெட்விக் பிங்குஸ் என்னும் பெண்ணை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள். 1885இல் ஃபிரெரிக்ஸ் காலமானார். புதிதாக வந்த தலைவருக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1888இல் தம் சளியையே சாயமேற்றிப் பார்த்துக் காசநோய்க் கிருமியைக் கண்டார் என்பார்கள். அந்தக் கிருமியைத் தெளிவாகக் காட்டும் சாயமுறையைச் செம்மைப்படுத்தியவரும் அவரே! மனைவியுடன் எகிப்து நாட்டு வெயிலுக்குப் போய், தேறித் திரும்பினார். பின்பு காக் அவருக்குத் தம் நிறுவனத்தில் இடம் கொடுத்தார்.

அங்கே தொண்டை அடைப்பான் நோய்க்கு மாற்று மருந்தான ஊநீரை அளவுபடுத்தும் வேலை வந்தது. பெரிங் கண்டுபிடித்த அந்த ஊநீர் ஒரு புட்டியில் வலுவாகவும் மறு புட்டியில் நீர்த்தும் இருந்தது. எதை எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் மருத்துவர்கள் தவித்தனர். எர்லிக் அதற்கு அளவுகோல் வகுத்தார். புகழும் பொருளும் பெரும்பாலும் பெரிங்குக்கே போயின, நட்பும் முறிந்தது. அந்தக் கசப்பைப் பற்றி நிறைய எழுதலாம். நமக்கு வேண்டியது அந்த வேலையிலிருந்து முளைத்த எண்ணம்.

நச்சு ஏன் சில உயிரணுக்களை மட்டும் தாக்குகிறது? 1897இல் எர்லிக் கொடுத்த விடை இது. உயிரணுவின் மேல் கைகள் போன்ற பக்கச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை இருப்பது உணவைப் பற்றிக்கொள்ளத்தான். அந்தக் கைகளில் ஒன்றுக்குப் பொருந்தும் வடிவம் நச்சுக்கு இருந்துவிட்டால் அது அங்கே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாத பொருள் உயிரணுவை ஒன்றும் செய்ய முடியாது. நொதியும் அது செயற்படும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்த வேண்டும் என்று எமில் ஃபிஷர் என்னும் வேதியியலறிஞர் 1894இல் சொல்லியிருந்தார். அந்த உவமையை எர்லிக் எடுத்துக்கொண்டார். 1900இல் அந்தக் கைகளுக்கு ரிசெப்டார் என்று பெயர் வைத்தார். அதைத்தான் நாம் ஏற்பி என்கிறோம். அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் இதை விளக்கிப் பேசினார். கைகளும் வாய்களுமாகப் படங்களும் வரைந்து காட்டினார். கண்ணால் காணாத ஒன்றுக்குப் படம் வரைகிறாரே என்று பலர் நகைத்தனர். எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் வரைந்தது அந்தப் படத்தின் பேரப்பிள்ளைதான்.

நண்பர்களே, இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஏற்பி என்ற எண்ணத்தைப் பெற்றெடுத்தவரே, மருந்துகளுக்கு ஏற்பி இல்லை என்று பல ஆண்டுகள் சாதித்தார்! காரணமும் வைத்திருந்தார். நச்சு ஒட்டினால் ஒட்டியதுதான். ஆனால் சாதாரண மருந்துகளைத் திசுவிலிருந்து எளிதில் கழுவி எடுத்துவிடலாம், ஆகவே அவை எதையும் இறுகப் பற்றவில்லை என்பது அவர் வாதம். 1905இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் லாங்லி என்னும் உடலியலறிஞர் நிகோட்டினையும் கியூராரே என்னும் அம்பு நஞ்சையும் தசையின் மீது சோதித்தார். நரம்பு அழிந்த பின்பும் நிகோட்டின் தசையைச் சுருங்கச் செய்தது. கியூராரே அந்தச் சுருக்கத்தைத் தடுத்தது. தசையிலேயே ஏதோ ஓர் ஏற்கும் பொருள் இருக்கிறது, இரண்டும் அதற்காகவே போட்டியிடுகின்றன என்று லாங்லி முடிவு கட்டினார். எர்லிக்கின் ஆய்வகத்திலும் ஒரு சான்று கிடைத்தது. ஒரு வகை மருந்துக்குப் பழகி அதற்குச் சாகாமல் நின்ற நுண்ணுயிர், வேறு வகை மருந்துக்குச் செத்தது. அப்படியானால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் பூட்டு இருக்க வேண்டும். 1907இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டு மருந்துகளுக்கும் ஏற்பி உண்டு என்று எர்லிக் ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 53. மறு ஆண்டு மெச்னிகாஃப்புடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். பரிசைவிட அந்த ஒப்புக்கொள்ளல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அவர் நடத்திய ஆய்வகத்தைப் பற்றிப் படிக்கச் சுவையாயிருக்கும். வாயில் எப்போதும் சுருட்டு. அக்குளில் சுருட்டுப் பெட்டி. உட்கார நாற்காலி கிடைக்காதபடி எங்கும் சஞ்சிகைகள். இன்னாருக்கு இன்ன வேலை என்று ஒவ்வொரு நாளும் வண்ணத் துண்டுத் தாள்களில் எழுதி அனுப்புவார். வேலை என்னவென்றால், ஆர்சனிக் கலந்த சேர்மங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்ப்பது. கிருமியின் பூட்டில் பொருந்த வேண்டும், மனிதனின் பூட்டில் பொருந்தக் கூடாது. அப்படியொரு சாவி. குறி தவறாது கிருமியை மட்டும் தாக்கும் மந்திரத் தோட்டா என்று அவர் கனவு கண்டது இதைத்தான். வரிசையில் 606ஆம் எண் இட்ட பொருள் 1907இல் பயனற்றதென்று ஒதுக்கப்பட்டது. 1909இல் ஜப்பானிலிருந்து ஹாடா என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். முயல்களுக்கு மேகநோயை உண்டாக்கிச் சோதிக்கும் முறை அவருக்குக் கைவந்தது. ஒதுக்கியவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கச் சொன்னார் எர்லிக். ஹாடா சோதித்தார், 606 வேலை செய்தது. 1910இல் உலகுக்கு அறிவித்தார்கள். சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வருமுன் பல்லாயிரம் குப்பிகளை மருத்துவர்களுக்கு இலவசமாக அனுப்பி, ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன ஆயிற்றென்று கேட்டு எழுதி வாங்கினார்.

பின்பு தொல்லை தொடங்கிற்று. அந்த மஞ்சள் தூள் காற்றுப் பட்டால் கெட்டு நஞ்சாகும். புதிதாகக் கரைத்து உடனே செலுத்த வேண்டும். அவசரக்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. சிலர் இறந்தனர். மருந்தின் குறையாலும் தீங்கு நேர்ந்தது. எல்லாப் பழியையும் மருத்துவர்கள் தலையில் போட முடியாது. பணத்துக்காக மக்களைக் கொல்கிறார் என்று ஒரு பத்திரிகைக்காரர் எர்லிக்கின் மீது சேற்றை வாரி இறைத்தார். 1914இல் வழக்கு மன்றம் ஏறிச் சாட்சி சொல்ல நேர்ந்தது. அவதூறு சொன்னவருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் எர்லிக்கின் உடல்நலம் திரும்பவில்லை. அவ்வாண்டே உலகப் போரும் மூண்டது. 1915 ஆகஸ்டு 20ஆம் நாள் பாட் ஹோம்பர்க் என்னும் ஊரில் தம் 61ஆம் வயதில் காலமானார். பின்னாளில் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதற்காகத் தெருவிலிருந்த அவர் பெயரை அழித்தார்கள். ஹெட்விக் அம்மையார் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது.

அவர் மறைந்து 6 ஆண்டுகள் கழித்து, 1921இல், கனடாவின் டொரான்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. சாவி கையில் கிடைத்தும் பூட்டைக் காண இன்னும் 50 ஆண்டுகள் ஆயின. 1971இல்தான், கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலின் கல்லீரல், கொழுப்பு உயிரணுக்களின் உறையில் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டுவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். எர்லிக்கின் கையிலும் அயோடின்தான் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அவர் நிறத்தைத் தேடினார். இவர்கள் கதிரை எண்ணினார்கள்.

இப்போது நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் செய்யப்படும் புது மருந்துகள் பல இந்த ஏற்பிக் கணக்கில் பிறந்தவைதாம். உணவு உண்டதும் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அது கணையத்தின் ஏற்பியில் பொருந்தி இன்சுலினைக் கூட்டுகிறது. மூளைக்குப் போதும் என்ற நிறைவைத் தருகிறது. ஆனால் இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களிலேயே அது சிதைந்துவிடுகிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஹீலா என்னும் நச்சுப் பல்லியின் எச்சிலில் இதே பூட்டில் பொருந்தும், எளிதில் சிதையாத ஒரு பொருளை 1992இல் கண்டார்கள். அதிலிருந்து வந்த எக்ஸெனடைடு 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு 2017இல் நீரிழிவுக்கும் 2021இல் உடற்பருமனுக்கும் வந்தது. பெரிய சோதனையொன்றில் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைந்தது. இரண்டு பூட்டுகளை ஒருசேரத் திறக்கும் டிர்செபடைடு 2022இல் வந்தது.

எர்லிக்கின் கனவு பலித்துவிட்டது என்று இங்கே முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் குறி வைத்தது வெளியாளான கிருமியை. திருடனின் பூட்டு வேறு, வீட்டாரின் பூட்டு வேறு. நீரிழிவிலும் பருமனிலும் திருடன் இல்லை. பூட்டும் நம் வீட்டுப் பூட்டு. அதே பூட்டு பல அறைகளில் தொங்குகிறது. ஜி.எல்.பி.-1 ஏற்பி கணையத்தில் மட்டுமன்றி மூளையிலும் இருப்பதால்தான் பசி அடங்குகிறது. பலருக்குக் குமட்டலும் வாந்தியும் வருவது அதே ஏற்பியைத் தூண்டுவதால்தான். ரிமோனபன்ட் என்ற மருந்தின் கதை இன்னும் கொடியது. கஞ்சாவின் சாரம் போய் ஒட்டும் மூளையின் ஏற்பி ஒன்றை அடைத்தால் பசி குறையும் என்று கணக்கிட்டார்கள். கணக்கு சரிதான், எடை குறைந்தது. 2006இல் ஐரோப்பாவில் அனுமதித்தார்கள். ஆனால் அதே ஏற்பிக்கு மனத்தின் மகிழ்ச்சியிலும் பங்கிருந்தது. மருந்துண்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் எழுந்தன. 2008இல் விற்பனையை நிறுத்தி, மறு ஆண்டு மருந்தையே திரும்பப் பெற்றார்கள். ஒவ்வொரு குப்பிக்கும் கணக்குக் கேட்ட எர்லிக் இருந்திருந்தால் இதற்கு வியந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். குணமாக்கும் அளவுக்கும் உடல் தாங்கும் அளவுக்கும் இடையேயுள்ள தொலைவைத்தான் அவர் ஒவ்வொரு சேர்மத்திலும் அளந்துகொண்டிருந்தார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, திண்ணையில் கோலமாவால் வட்டமும் பள்ளமும் வரைந்து அம்மாவுக்கு இதைச் சொன்னேன். சாவி இருக்கிறது, பூட்டும் இருக்கிறது, பூட்டுக்குப் பின்னால் கதவைத் திறக்கும் கம்பிதான் இறுகிப்போயிற்று என்றேன். அம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்கு எண்ணெய் போட முடியாதா என்று கேட்டாள். அப்படிக் கம்பியை இளக்கும் மருந்துகள் உண்டு, அவளுக்கு எது ஏற்றது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றேன். புது ஊசிகளின் விலையையும் சொன்னேன், அவள் சிரித்தாள். பிறகு, நடந்தால் தசைகள் அந்தப் பூட்டைத் தொடாமலே வேறு வழியாகச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றும் சொன்னேன். இப்போது மாலையில் ஏரிக்கரை வரை நடந்து வருகிறாள். பின்வாசல் வழியாகப் போய் வந்தேன் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறாளாம்.